புகை இடம்பெயர்ந்த வரலாறு: திருத்தணியின் கார்பன் தடம், 1856 முதல் இன்றுவரை

ஆய்வுச் சுருக்கம்

கார்பன் தடம் என்றதும் பேச்சு தனிமனிதப் பழக்கங்களில் போய் நின்றுவிடுகிறது. விளக்கை அணைப்பது, துணிப்பை எடுத்துப் போவது போன்றவை அவை. ஓர் ஊரின் எரிபொருள் வரலாற்றைக் கொண்டு அந்தப் பேச்சைச் சோதித்துப் பார்க்கிறது இக்கட்டுரை. ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணி வட்டாரத்தில் ரயில், அடுப்பு, தறி, நெல்வயல், யாத்திரை ஆகிய ஐந்தையும் 1856 முதல் பின்தொடர்ந்தால் ஒரு போக்கு தெளிவாகத் தெரிகிறது. எரிப்பது கூடியிருக்கிறது, எரியும் இடம் ஊரைவிட்டுத் தள்ளிப் போயிருக்கிறது. கண்ணை உறுத்திய புகை மறைந்ததும் அதைப் பற்றிய கணக்கும் மறைந்தது. தள்ளிப்போன அந்தப் புகையை உரியவர் பெயரில் மீண்டும் எழுதுவதே கார்பன் தடக் கணக்கின் வேலை என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. முன்னுரை

சென்னையிலிருந்து சுமார் 84 கிலோமீட்டர் தொலைவில், திருப்பதிச் சாலையில் இருக்கிறது திருத்தணி. அறுபடை வீடுகளில் ஒன்று. ஆண்டின் நாட்களைக் குறிப்பதாகச் சொல்லப்படும் 365 படிகள் ஏறினால் தணிகை முருகன் சன்னதி. கோடையில் வானிலை மையம் தினமும் வெளியிடும் வெப்பநிலைப் பட்டியலில் வேலூரோடு இந்த ஊரின் பெயரும் அடிக்கடி வரும். பருவநிலை மாற்றத்தைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சித்திரை மதியத்தில் சிமெண்ட் ஷீட் கூரைக்குக் கீழே தறி ஓட்டுகிறவருக்கு அது உடம்பிலேயே தெரியும்.

தெரியாதது வேறு. இந்த வெப்பத்துக்குக் காரணமான வாயுக்களில் இந்த ஊரின் பங்கு எவ்வளவு, அது எந்த வழியாகப் போகிறது என்பதற்கு ஊரில் எங்கும் கணக்கு இல்லை. ஒரு பொருளைச் செய்யவோ, ஒரு பயணத்தை முடிக்கவோ, ஒரு நிறுவனத்தை நடத்தவோ நேரடியாகவும் மறைமுகமாகவும் வெளியாகும் பசுங்குடில் வாயுக்கள் அனைத்தையும் கரியமில வாயுவின் அளவுக்கு மாற்றிக் கூட்டினால் வருவது கார்பன் தடம். மீத்தேனின் வெப்பமூட்டும் திறனை நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் சுமார் 28 மடங்கு என்றும், நைட்ரஸ் ஆக்ஸைடின் திறனைச் சுமார் 273 மடங்கு என்றும் கொள்வது இன்றைய வழக்கம். இந்த வரையறையில் கடினமான பகுதி ‘மறைமுகமாகவும்’ என்ற சொல்லில் இருக்கிறது. மறைமுகம் எப்படி உண்டானது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

2. 1856: இரண்டு தொடக்கங்கள்

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அடுத்த மாதம், அமெரிக்காவின் ஆல்பனி நகரில் கூடிய அறிவியல் மாநாட்டில் யூனிஸ் ஃபுட் என்ற பெண்ணின் ஆய்வுக் கட்டுரை வாசிக்கப்பட்டது. கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்த அவர், கரியமில வாயு நிரம்பிய குழாய் மற்றவற்றைவிட அதிகம் சூடாவதையும் ஆறுவதற்கு நெடுநேரம் பிடிப்பதையும் கண்டார். காற்றில் இந்த வாயு கூடினால் பூமியின் வெப்பமும் கூடும் என்று அதில் எழுதினார். கட்டுரையை மேடையில் வாசித்தவர் ஜோசப் ஹென்றி என்ற அறிஞர். 1859இல் ஜான் டிண்டல் வெப்பக் கதிர்களை எந்தெந்த வாயுக்கள் உறிஞ்சுகின்றன என்பதை ஆய்வுக்கூடத்தில் நிறுவியதால் புகழ் அவருக்குப் போனது. ஃபுட்டின் பெயர் 2011இல்தான் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது.

இரண்டுக்கும் தொடர்பு ஏதும் இல்லை. ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தக்கவை. எரிப்பதை இந்த வட்டாரத்துக்குள் பெரிய அளவில் கொண்டுவந்த ரயிலும், எரிப்பதன் விளைவைக் காட்டிய அறிவியலும் ஒரே கோடையில் பிறந்தன. ரயில் அடுத்த ஆறே ஆண்டில் திருத்தணிக்கு வந்துவிட்டது. அரக்கோணத்திலிருந்து வடமேற்காகப் பிரியும் தடத்தின் வேலை 1861இல் தொடங்கி, 1862இல் ரேணிகுண்டாவை எட்டியது. 1871இல் ராய்ச்சூரில் பம்பாய்த் தடத்தோடு இணைந்தது. சென்னையையும் பம்பாயையும் இணைக்கும் பெருவழியில் ஒரு நிலையமாகத் திருத்தணி அமைந்தது இப்படித்தான். அறிவியலோ ஊருக்கு வர நூறாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. 1896இல் ஸ்வான்டே அர்ரீனியஸ் கணக்குப் போட்டார். 1938இல் கை காலண்டர் வெப்பநிலைப் பதிவுகளைக் கரியமில வாயுவோடு பொருத்திக் காட்டினார். 1958இல் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு சுமார் 315 பங்கு இருந்தது. தொழிற்புரட்சிக்கு முன் அது 280. இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

3. விறகில் ஓடிய ரயில்

ரயில் என்றால் நிலக்கரி என்று நினைக்கிறோம். மெட்ராஸ் ரயில்வேயின் தொடக்க காலத்துக்கு இது பொருந்தாது. வங்காளத்து நிலக்கரியும் இங்கிலாந்துக் கரியும் சென்னைக்கு வந்துசேர விலை கட்டுபடியாகவில்லை. இன்ஜின்களில் பெரும்பாலும் விறகுதான் எரிந்தது. தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைகளும் மரம்தான். மெட்ராஸ் மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக 1856இல் அமர்த்தப்பட்ட ஹ்யூ கிளெக்கார்ன், 1861இல் வெளியிட்ட தென்னிந்தியக் காடுகள் பற்றிய நூலில் ரயில்வேயின் மரத் தேவையைத் தனிப் பிரச்சினையாகவே எடுத்துப் பேசினார். 1860களில் கடற்கரையோரம் சவுக்குத் தோப்புகள் பரவியதற்கும் நகரின் அடுப்போடு இன்ஜினின் பசியும் ஒரு காரணம். 1882இல் மெட்ராஸ் வனச் சட்டம் வந்தது. காடு அரசின் சொத்தாகக் காக்கப்பட்டதற்குப் பின்னால் எரிபொருள் கவலையும் இருந்தது.

கார்பன் கணக்கில் இந்தக் காலகட்டத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. வெட்டிய காடு மறுபடி தழைத்தால், விறகை எரித்ததால் வந்த கரியமில வாயுவை வளரும் மரம் திரும்ப எடுத்துக்கொள்ளும். தழைக்காவிட்டால் அது கடனாக நிற்கும். ஆகவே விறகின் கணக்கை இன்ஜினில் பார்த்தால் போதாது, காட்டிலும் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது ஊரார் கண்ணுக்குத் தெரிந்தது. மலை மொட்டையாவதைப் பார்க்கத் தனி அறிவியல் தேவைப்படவில்லை. கோதாவரிப் பகுதியில் 1871இல் கண்டறியப்பட்ட சிங்கரேணி நிலக்கரி 1880களின் இறுதியில் வெட்டி எடுக்கப்பட்டதும் இன்ஜினின் கணக்கு கண்காணாத இடத்துக்குப் போனது. நிலக்கரியின் கரிமம் எந்தக் காட்டிலும் திரும்பத் தழைக்காது.

யாத்திரையின் வடிவத்தையும் ரயில் மாற்றியது. ஆங்கிலப் புத்தாண்டன்று வெள்ளைக்காரத் துரைகளைப் பார்த்து வாழ்த்துச் சொல்லக் காத்திருந்தவர்களை, தணிகை முருகனைப் போய்ப் பாருங்கள் என்று திருப்பிவிட்டவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். 1917 வாக்கில் அவர் தொடங்கிய திருப்படித் திருவிழா இன்றும் டிசம்பர் 31 இரவில் நடக்கிறது. சென்னை அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள் ஓர் இரவில் வந்து படி ஏறித் திரும்ப முடிந்ததற்கு, வாசலிலேயே ரயில் நிலையம் இருந்ததும் காரணம் என்று கருதலாம். விழாவும் போக்குவரத்தும் அன்றே ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன.

4. எல்லை மாறியது, எரிபொருளும் மாறியது

1953இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே போனது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்கும் படாஸ்கர் தீர்ப்புக்கும் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. திருப்பதியும் சித்தூரும் அங்கேயே தங்கின. நகரி, புத்தூர்க் குடும்பங்கள் இன்றும் ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வருகின்றன. திருத்தணி வழியே திருமலைக்குப் போகிறவர்களும் ஏராளம். மாநில எல்லையில் கோடு விழுந்ததால் மக்கள் வந்துபோவது நிற்கவில்லை. பின்னால் கணக்கு முறையைப் பற்றிப் பேசும்போது இது முக்கியமாகும்.

அடுத்த கால் நூற்றாண்டில் தண்டவாளத்தில் எரிபொருள் இரண்டு முறை மாறியது. நீராவி இன்ஜின் எரித்த நிலக்கரியின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குகூடச் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. அந்த இடத்துக்கு டீசல் வந்தது. சென்னையிலிருந்து திருவள்ளூர் வரையிலான அகலப்பாதை 1970களின் இறுதியில் மின்மயமாகி, 1980களில் அரக்கோணம், திருத்தணி வழியாக ரேணிகுண்டா வரை மின்கம்பி நீண்டது. நிலையத்தில் கரித்தூள் பறப்பது நின்றது. பயணிகளின் வெள்ளை வேட்டி வெள்ளையாகவே ஊர் சேர்ந்தது. மின்சார ரயிலுக்கான புகை மின்நிலையத்தின் புகைபோக்கிக்குப் போய்விட்டிருந்தது.

ஆனாலும் இந்த மாற்றத்தால் உண்மையிலேயே உமிழ்வு குறைந்தது. 2015இல் இந்தியாவுக்கென்று வகுக்கப்பட்ட உமிழ்வு அளவீடுகள், ஒருவர் ஒரு கிலோமீட்டர் ரயிலில் போனால் சுமார் 8 கிராம் கரியமில வாயு என்றும் பேருந்தில் போனால் சுமார் 15 கிராம் என்றும் கொள்கின்றன. இடம்பெயர்ந்த புகை குறைந்த புகையாகவும் இருக்க முடியும் என்பதற்கு ரயில் சான்று. தறி அதற்கு மாறான சான்று.

5. தறிக்கூடமும் புகைபோக்கியும்

திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டை, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பகுதிகள் நெசவுக்குப் பெயர்போனவை. எல்லைக்கு அப்பால் நகரியும் புத்தூரும் அப்படியே. குழித்தறியில் நெய்தபோது தறிக்கு எரிபொருள் நெசவாளியின் காலும் கையும்தான். விசைத்தறி வந்ததும் மின்சாரம் அந்த இடத்தைப் பிடித்தது.

தமிழக அரசு 2006இல் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் இலவசம் என்று தொடங்கியது. 2016இல் அது 750 யூனிட்டாகவும், 2023இல் 1,000 யூனிட்டாகவும் உயர்ந்தது. கைத்தறிக்கு 300 யூனிட். இதைக் கார்பன் மொழியில் எழுதிப் பார்க்கலாம். மத்திய மின்சார ஆணையத்தின் அளவீட்டின்படி இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஓர் இணைப்பு இலவச யூனிட்டுகளை முழுவதும் பயன்படுத்தினால் ஆண்டுக்கு 6,000 யூனிட், அதாவது 4.2 டன். இந்தியர் ஒருவரின் சராசரி ஆண்டு உமிழ்வு சுமார் 2 டன். நெசவாளிக்கு இந்தச் சலுகை வாழ்வாதாரம். அதில் கைவைக்கச் சொல்வது இந்தக் கட்டுரையின் நோக்கமன்று. பில் வராத இடத்தில் கணக்கும் எழுதப்படுவதில்லை என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது. உழவுக்கான இலவச மின்சாரத்துக்கும் இதே நிலைதான். கிணற்று நீர்மட்டம் இறங்க இறங்க மோட்டாரின் குதிரைத்திறன் ஏறுகிறது. அந்த ஏற்றம் மீட்டரில் பதிவாவதில்லை.

அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? மின்கட்டமைப்பு ஒன்றே என்பதால் குறிப்பிட்ட தறிக்கு இந்த நிலையத்து மின்சாரம் என்று சொல்ல முடியாது. ஆனால் வடதமிழகத்தின் பெரிய அனல்மின் நிலையங்கள் எண்ணூர் வட்டாரத்தில் வரிசையாக நிற்கின்றன. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கியது. வடசென்னை அனல்மின் நிலையம் 1994இல் அத்திப்பட்டில் தொடங்கியது. பின்னர் வல்லூர் வந்தது. ஒடிசா நிலக்கரியை இறக்குவதற்காகவே 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. அத்திப்பட்டும் திருத்தணியும் திருவள்ளூர் என்ற ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. மேற்கு முனையில் தறி, கிழக்கு முனையில் புகைபோக்கி.

இரண்டையும் இணைக்க ஆறும் ஒன்று உண்டு. ஆந்திரத்தின் கிருஷ்ணாபுரம் அணையிலிருந்து பள்ளிப்பட்டு வழியாக வந்து, பூண்டி ஏரியை நிரப்பி, எண்ணூர்க் கழிமுகத்தில் கடலில் கலக்கிறது கொசஸ்தலையாறு. இந்திய நிலக்கரியில் 30 முதல் 45 சதவீதம் வரை சாம்பல். அந்தச் சாம்பல் கழிமுகத்தில் படிந்த விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. கரியமில வாயு உலகத்துக்கெல்லாம் பொது. சாம்பல் அப்படியில்லை. எண்ணூர் மீனவரின் வலையில்தான் அது விழுகிறது. மறைமுக உமிழ்வு என்று கணக்கில் குறிக்கப்படுவதற்கு நேரடியான ஒரு விலாசம் உண்டு என்பதை இந்த ஆற்றைப் பின்தொடர்ந்தாலே காணலாம்.

6. அடுப்பு

வேலிக்காத்தான் முள், வரட்டி, வைக்கோல், மலைச்சுள்ளி ஆகியவையே 1980கள் வரை இந்த வட்டாரத்து ஊர்களின் எரிபொருள். 1983இல் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அடுப்பங்கரையில் புகைபோக்கி வைத்த மண்ணடுப்புகள் வந்தன. பெரிய திருப்பம் 2007 தொடக்கத்தில் தமிழக அரசின் இலவச எரிவாயு அடுப்புத் திட்டத்தால் நேர்ந்தது. 2016இல் உஜ்வலா திட்டம் அதைத் தொடர்ந்தது.

14.2 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து முடிந்தால் சுமார் 42 கிலோ கரியமில வாயு. இது பூமிக்கடியிலிருந்து எடுத்த கரிமம். மரம் திரும்ப எடுத்துக்கொள்ளும் கணக்கு இதற்கு இல்லை. இதை வைத்து விறகே மேல் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. விறகடுப்பு அரைகுறையாக எரிக்கிறது. மீத்தேனும் கரிப்புகையும் சேர்ந்தே வருகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் புகை பெண்களின் நெஞ்சுக்குள் போயிற்று. தடத்தைக் குறைக்கிறோம் என்று அடுப்பங்கரைக்குப் புகையைத் திருப்பி அனுப்பும் எந்த யோசனையும் ஏற்கத் தக்கதல்ல. இந்த ஐந்து துறைகளிலும் சமையலறையில்தான் புகை இடம்பெயர்ந்தது மிகத் தெளிவான நன்மை.

7. வயலின் மீது வந்த பழி

1990இல் வாஷிங்டனைச் சேர்ந்த உலக வளங்கள் நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, புவி வெப்பத்துக்குக் காரணமான முதல் ஐந்து நாடுகளில் இந்தியாவையும் சேர்த்தது. நெல்வயலின் மீத்தேனும் மாட்டின் மீத்தேனும் அதில் பெரும்பங்கு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீடு இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்குச் சுமார் 3.78 கோடி டன் மீத்தேன் வெளியிடுவதாகச் சொன்னது. 1991இல் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் இதை எதிர்த்து ஒரு சிறுநூல் வெளியிட்டார்கள். பிழைப்புக்காக நெல் விளைவிப்பவரின் உமிழ்வையும், வசதிக்காகக் கார் ஓட்டுபவரின் உமிழ்வையும் ஒரே தட்டில் வைப்பது சூழலின் பெயரால் நடக்கும் காலனியாதிக்கம் என்பது அவர்கள் வாதம்.

விவகாரம் வாதத்தோடு நிற்கவில்லை, அளவும் எடுக்கப்பட்டது. அதே 1991இல் ஏ.பி. மித்ராவின் தலைமையில் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் நாடெங்கும் வயல்களில் நேரடியாக மீத்தேனை அளந்தது. கிடைத்த எண் சுமார் 40 லட்சம் டன். முதல் மதிப்பீட்டில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. மேலைநாட்டு வயல்களின் அளவைப் பெருக்கி இந்தியாவுக்கு எண் சொன்னதால் வந்த வினை அது.

திருவள்ளூர் மாவட்டத்து ஏரிப் பாசன வயலுக்கும் இது பொருந்தும். தண்ணீர் தேங்கி நின்றால்தான் மண்ணுக்குள் காற்றில்லாமல் மீத்தேன் உண்டாகும். ஏரி வற்றி, மடை அடைபட்டு, வயல் இடையிடையே காயும் இடத்தில் அது தானே குறையும். திருந்திய நெல் சாகுபடியில் ‘காய்ச்சலும் பாய்ச்சலுமாக’ நீர் விடச் சொல்வது தண்ணீரை மிச்சப்படுத்த. அதே முறை மீத்தேனையும் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைக்கும் என்பது நெல் ஆராய்ச்சியில் நிலைபெற்ற முடிவு.

8. கணக்கு முறை வந்த வழி

‘தடம்’ என்ற எண்ணம் முதலில் நிலத்தை அளக்கவே வந்தது. ஒரு நகரம் தன் நுகர்வுக்கு எவ்வளவு நிலத்தை உண்கிறது என்ற கேள்வியை 1992இல் வில்லியம் ரீஸ் எழுப்பினார். அவருடைய மாணவர் மாத்திஸ் வாக்கர்நாகல் அதை வளர்த்தெடுத்தார். அதே 1992இல் ஐ.நா. பருவநிலை உடன்படிக்கை உருவானது, 1997இல் கியோட்டோ ஒப்பந்தம் வந்தது. 2001இல் நிறுவனங்களுக்கான பசுங்குடில் வாயுக் கணக்கு நெறிமுறை வெளிவந்தது. அதை வகுத்த இரு அமைப்புகளில் ஒன்று, 1990இல் இந்திய வயல்கள் மீது பழி போட்ட அதே உலக வளங்கள் நிறுவனம். நெறிமுறை உமிழ்வை மூன்று வட்டங்களாகப் பிரித்தது. நீங்களே எரிப்பது முதல் வட்டம். வாங்கும் மின்சாரத்துக்காக வேறோரிடத்தில் எரிவது இரண்டாம் வட்டம். உங்கள் பொருட்டு மற்றவர்கள் எரிப்பதெல்லாம் மூன்றாம் வட்டம்.

2004இல் பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனமான பி.பி., உங்கள் கார்பன் தடம் எவ்வளவு என்று மக்களையே கேட்டு ஒரு பெரிய விளம்பர இயக்கம் நடத்தியது. தனிமனிதர் தம் தடத்தைக் கணக்கிட ஒரு கருவியையும் கொடுத்தது. இன்று நாம் இந்தச் சொல்லைப் பேச்சுவழக்கில் பயன்படுத்துவதற்கு அந்த விளம்பரம் ஒரு முக்கியக் காரணம். எண்ணெய் விற்றவர் கணக்கு, எண்ணெய் வாங்கியவர் தலையில் ஏற்றப்பட்டது. சொல்லின் இந்தப் பிறவிக் குறையைக் காட்டி அதைத் தள்ளிவிடத் தேவையில்லை. மூன்று வட்ட முறை இருக்கும்வரை பொறுப்பை உரிய இடத்தில் எழுதிவிடலாம்.

9. தணிகைக் கோயிலுக்கு ஒரு மாதிரிக் கணக்கு

மூன்று வட்டங்களையும் திருத்தணிக் கோயிலின் மேல் வைத்துப் பார்ப்போம். 2021 செப்டம்பரில் நாள் முழுதும் அன்னதானத் திட்டம் இங்கு விரிவாக்கப்பட்டது. அந்தச் சமையலறையின் எரிவாயு, ஜெனரேட்டர் டீசல், கோயில் வண்டிகள் ஆகியவை முதல் வட்டம். விளக்கு, நீரேற்றும் மோட்டார், விடுதிகளின் மின்சாரம் இரண்டாம் வட்டம். வருகிறவர்களின் பயணம், பூ, பிரசாதப் பொருள், குப்பை எல்லாம் மூன்றாம் வட்டம்.

திருப்படித் திருவிழாவில் பக்தர்கள் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, கற்பூரம் ஏற்றித் திருப்புகழ் பாடியபடி ஏறுவார்கள். புகை கண்ணைக் கரிக்கும். மலையே எரிவது போல் தோன்றும். ஒருவர் படிக்கு ஒரு கிராம் என்று 365 படிக்கும் கற்பூரம் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் கற்பூரம் முழுதாக எரிந்தால் சுமார் 2.9 கிராம் கரியமில வாயு. மொத்தம் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். பைன் மரப் பிசினின் டர்பன்டைனிலிருந்து செய்யும் கற்பூரமானால் இதுவும் அண்மைக் காலத்தில் மரம் காற்றிலிருந்து எடுத்த கரிமம்தான்.

லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் கார் ஒன்று இதே அளவை ஏழு கிலோமீட்டரில் வெளியிட்டுவிடும். அரக்கோணத்துக்குப் பாதி வழி. சென்னையிலிருந்து அந்தக் கார் திருத்தணி வர 5.6 லிட்டர் பெட்ரோல், லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் சுமார் 13 கிலோ. நான்கு பேர் வந்தால் போகவர ஆளுக்கு 6.4 கிலோ. அதே ஆள் மின்சார ரயிலில் வந்துபோனால் சுமார் 1.3 கிலோ. பத்தாயிரம் பேர் காரில் வருவதற்கும் ரயிலில் வருவதற்கும் உள்ள வித்தியாசம் சுமார் 50 டன். கண்ணுக்குத் தெரியும் புகை சிறியது, தெரியாத புகை பெரியது என்பது இந்த வரலாறு முழுக்க வந்த செய்தி. படிக்கட்டிலும் அதுவே எண்ணாக நிற்கிறது. கற்பூரத்தைக் குறைக்கச் சொல்லிப் பலகை வைப்பது எளிது. கணக்கோ ரயில் நிலையத்தையும் கார் நிறுத்துமிடத்தையும் காட்டுகிறது.

எல்லைப் பிரச்சினை இங்கே வருகிறது. நகரியிலிருந்து வருகிறவரின் பயணம் யார் கணக்கு? திருமலைக்குப் போகிற வழியில் இங்கே இறங்கியவரின் பெட்ரோலை எந்தக் கோயிலில் எழுதுவது? இங்கு நெய்த துணி வெளியூரில் விற்றால் அதன் மின்சார உமிழ்வு நெய்தவருக்கா, உடுத்தியவருக்கா? உற்பத்தி இடத்தில் எழுதும் முறை நெசவாளியைக் குற்றவாளியாக்கும். நுகர்வு இடத்தில் எழுதும் முறை வாங்குபவரையும் சேர்த்துக்கொள்ளும். 1960இல் ஓர் எல்லை வகுக்கப் பேச்சும் போராட்டமும் தீர்ப்பும் தேவைப்பட்டன. கார்பன் கணக்கின் எல்லைக்கும் அப்படி வெளிப்படையான முடிவு தேவை. எந்த முறையை எடுத்தாலும் அதை முதல் பக்கத்தில் எழுதிவிட வேண்டும்.

10. குறைக்கும் வழிகள்

வரலாற்றில் எந்த மாற்றம் உண்மையில் உமிழ்வைக் குறைத்தது என்று பார்த்து அந்த வழியில் போவதே அறிவு. ரயில் மின்மயம் குறைத்தது. ஒவ்வொரு பயணியும் மனம் மாறியதால் அது நடக்கவில்லை. கம்பி நீட்டப்பட்டது, எல்லாரும் ஏறினார்கள். ஆடிக் கிருத்திகைக்கு விடப்படும் சிறப்பு ரயில்களைக் கூட்டுவதும், நிலையத்திலிருந்து அடிவாரத்துக்கும் மலைக்கும் மின்பேருந்து விடுவதும், கார்களை ஊருக்கு வெளியே நிறுத்த வைப்பதும் அதே வகை மாற்றங்கள்.

தறிக்கு இலவச யூனிட்டை அப்படியே விட்டுவிட்டு, குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டாருக்கும் கூரைச் சூரியத் தகட்டுக்கும் முதலீட்டு உதவி கொடுக்கலாம். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீட்டுத் திட்டத்தில் வீடுகளுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது. வீட்டோடு தறி வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இதைக் கொண்டுசேர்ப்பது கடினமல்ல. உழவு மோட்டாருக்கு 2019இல் வந்த குசும் திட்டம் உண்டு. கோயிலின் பழைய மண்டபங்களைத் தொடாமல், விடுதி, அன்னதானக் கூடம், நிறுத்துமிடக் கூரைகளில் தகடு பதிக்கலாம். சமையலறைக் கழிவும் வாடிய பூவும் குப்பைமேட்டில் அழுகினால் மீத்தேன். சாண எரிவாயுக் கலனைப் போன்ற மூடிய கலனுக்குள் போனால் அதே மீத்தேன் அடுப்புக்குத் திரும்பும். வயலில் காய்ச்சலும் பாய்ச்சலும்.

மாநில அளவில் தமிழ்நாடு பசுமைப் பருவநிலை நிறுவனமும், 2022இல் தொடங்கிய பருவநிலை மாற்ற இயக்கமும் இருக்கின்றன. இந்தியா 2070இல் நிகர பூஜ்ய உமிழ்வு என்று 2021இல் கிளாஸ்கோவில் அறிவித்தது. ரயில்வே 2030 என்று சொல்லியிருக்கிறது. இவையெல்லாம் மேலிருந்து வரும் இலக்குகள். இவற்றுக்கு ஊர் அளவில் ஒரு பேரேடு இல்லை.

11. முடிவுரை

விறகிலிருந்து நிலக்கரிக்கும், டீசலுக்கும், மின்கம்பிக்கும், சிலிண்டருக்கும் திருத்தணி மாறியது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஊர் கொஞ்சம் சுத்தமானது. எரிப்பதன் விலை கொஞ்சம் தூரத்தில் இருப்பவர் மேல் விழுந்தது. சில மாற்றங்கள் மொத்தத்தையும் குறைத்தன, சில கூட்டின. எது எது என்று பிரித்துச் சொல்ல எண் வேண்டும்; எண் இல்லாத இடத்தில் விளம்பரம் பேசும், பழி பேசும். 1990இல் நெல்வயலுக்கு நடந்தது அதுவே. நாமே அளந்த பிறகுதான் பழி நீங்கியது.

திருத்தணிக்கு வேண்டிய எண்களில் பெரும்பகுதி ஏற்கெனவே எழுதப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஆடிக் கிருத்திகைக்கு எத்தனை பயணச்சீட்டு விற்றது என்பது ரயில்வேயிடம் இருக்கும். நிறுத்துமிடத்தில் எத்தனை வண்டி நின்றது என்பது கட்டணம் வாங்கியவரிடம் இருக்கும். எத்தனை பேர் அன்னதானத்தில் உண்டார்கள், எத்தனை சிலிண்டர் தீர்ந்தது என்பது கோயில் அலுவலகத்தில் இருக்கும். எத்தனை யூனிட் ஓடியது என்பது மின்வாரியத்திடம் இருக்கும். நான்கு அலுவலகத்து நான்கு பேரேடுகளிலிருந்தும் அந்த விழா நாட்களின் வரிகளை எடுத்து ஒரே தாளில் எழுதி, கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், தமிழ்நாட்டுக் கோயில் விழா ஒன்றின் கார்பன் கணக்கை ஊராரே படித்துக் கேள்வி கேட்கலாம். அடுத்த ஆண்டு அந்தத் தாளுக்குப் பக்கத்தில் இன்னொரு தாள் ஒட்டப்படும்போது, குறைந்ததா கூடியதா என்ற விவாதம் திருத்தணியிலேயே நடக்கும்.